மாசக் கடைசியில் நோட்டைப் புரட்டினால்

2025 ஜூன் 16, திங்கட்கிழமை. வடவள்ளியில் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு 40 லட்சம் கடன் கேட்டு, சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கிக்கொண்டு வங்கியில் உட்கார்ந்திருந்தேன். கடன் பிரிவில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்தபடியே, “மேடம், சிபில் 741 காட்டுது. 750 தாண்டியிருந்தா 7.75 போட்டிருக்கலாம். இப்ப 7.95தான் வரும்” என்றார். சிபில் என்றால் நாம் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண். 7.75, 7.95 என்றது வட்டி சதவீதம். எனக்குக் காது அடைத்தது போல இருந்தது. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். கிரெடிட் கார்டு வாங்கி 9 வருடம். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தவணை தள்ளியதில்லை. மினிமம் தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு உருட்டியதும் கிடையாது. வந்த பில்லை முழுசாகக் கட்டிவிடுவேன். அப்படி இருக்க எனக்கு என்ன குறை என்று அவரிடமே கேட்டேன். அவர் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, “கார்டு லிமிட்ல 88 பர்சன்ட் யூஸ் பண்ணியிருக்கீங்க மேடம்” என்றார். “வெள்ளிக்கிழமைதானே முழுசா கட்டினேன்?” “அது இன்னும் இதுல ஏறலை.”

அந்த 0.20 சதவீதத்தை அங்கேயே மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். 40 லட்சம், 20 வருடம். 7.75 என்றால் மாதத் தவணை 32,838. 7.95 என்றால் 33,333. மாதம் கிட்டத்தட்ட 500 ரூபாய். 240 மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் ஏறும், இறங்கும், அதோடு நம் வட்டியும் ஏறி இறங்கும். ஆனால் அதற்கு மேல் வங்கி வைக்கும் ஸ்ப்ரெட் அப்படி இல்லை. அதில் நம்முடைய நம்பகத்தன்மைக்காகச் சேர்க்கும் பகுதியை, நம் கடன் தகுதியில் பெரிய மாற்றம் வந்தால்தான் மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நடுவில் வங்கி இஷ்டத்துக்கு ஏற்றிவிடாமல் இருக்க அது நல்ல விதி. ஆனால் உள்ளே நுழைகிற நாளில் நம் பெயருக்கு நேராக என்ன எண் இருக்கிறதோ அது பல வருடம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. “அப்ளிகேஷனை இப்பவே போடட்டுமா மேடம், கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கட்டுமா?” என்று அந்த இளைஞர் கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

டேலி ஆன கணக்கு

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் கடன் அறிக்கையை இறக்கினேன். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று, நம் கடன் விவரங்களைத் திரட்டி மதிப்பெண் போட இங்கே நான்கு நிறுவனங்கள். யாருடைய மதிப்பெண்ணானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் சிபில்தான். நால்வரும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017லிருந்து விதி. நான் இத்தனை வருடமாக அதை ஒருமுறைகூட வாங்கிப் பார்த்ததில்லை. பில் கட்டுகிறவளுக்கு அறிக்கை எதற்கு என்ற நினைப்பு.

கார்டின் பக்கத்தில் 36 மாதத்துக்கான கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 000. தவணை தவறிய நாள் பூஜ்யம் என்று அர்த்தம். அதைப் பார்க்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கு மேலே கிரெடிட் லிமிட் 1,50,000. கரண்ட் பேலன்ஸ் 1,32,000. இது தப்பு என்று உடனே நினைத்தேன், ஏனென்றால் என் மே மாத பில் 1,26,350. ஸ்டேட்மென்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெண்ணின் பள்ளிக் கட்டணம் 62,000. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவைக்கு 41,000. வாஷிங் மெஷின் 16,500. மிச்சம் மளிகை, பெட்ரோல். மே 24 தேதியிட்ட பில். அதில் எங்கேயும் 1,32,000 இல்லை. எங்கோ யாரோ தப்பாக ஏற்றியிருக்கிறார்கள், எழுதிக் கேட்டால் திருத்திவிடுவார்கள் என்று ஒரு நிம்மதி வந்தது. தப்பான பதிவைச் சொன்னால் 30 நாளில் தீர்க்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதியும் இருக்கிறது.

தொழில் பழக்கம் விடவில்லை. புகார் எழுதுவதற்கு முன் வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தேன். 5,650. அடுத்த பில்லுக்கான செலவுகளைத் திறந்து மே 24க்கு அப்புறம் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அம்மாவின் கண் சொட்டு மருந்து, பெண்ணுக்கு ஷூ, இரண்டு முறை பெட்ரோல், ஒரு மளிகை பில். மே 31 வரைக்கும் கூட்டியபோது சரியாக 5,650. அப்போதுதான் அறிக்கையில் ‘டேட் ரிப்போர்ட்டட்’ என்ற வரியைப் பார்த்தேன். 31-05-2025. கணக்கு ரூபாய் சுத்தமாக டேலி ஆகிவிட்டது. டேலி ஆனால் சந்தோஷப்பட்டே பழகியவள் நான். அன்றைக்கு அது டேலி ஆனதும்தான் வயிற்றைப் பிசைந்தது. யாரும் தப்பு செய்யவில்லை. புகார் படிவத்தில் எழுத எனக்கு ஒரு வரியும் இல்லை. மே 31 அன்று நான் 1,32,000 தர வேண்டியிருந்தது உண்மை. ஜூன் 13 அன்று பில் தொகை மொத்தத்தையும் கட்டியதும் உண்மை. முதல் உண்மை வங்கியின் திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது உண்மை வழியில் இருந்தது.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. உண்மையில் செலுத்திய தொகை என்பதற்கான இடம். அதில் எண் எதுவும் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். மாதாமாதம் நான் கட்டிய பணம் வரவேண்டிய இடம் அது. அந்தக் கோட்டைத்தான் இந்த ஒன்றரை மாதமாக மறக்க முடியவில்லை.

அண்ணாச்சி எப்போது நோட்டைப் பார்ப்பார்

எங்கள் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரிங் ஃபிரேமில் வேலை பார்த்தார். வீட்டுக்கு மளிகை முழுக்க அண்ணாச்சி கடையில் பற்று. கடையில் ஒரு நோட்டு, எங்களிடம் ஒரு நோட்டு. சாமான் வாங்கப் போகும்போது எங்கள் நோட்டைக் கொண்டுபோனால் அண்ணாச்சி இரண்டிலும் எழுதுவார். மில்லில் சம்பளம் 7ஆம் தேதி. அது மில் முதலாளி நினைத்து வைத்த தேதி இல்லை. 1936ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள்ளும், அதற்கு மேல் இருந்தால் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தரச் சொன்னது. அண்ணாச்சி சட்டம் படித்தவரில்லை. ஆனால் எந்த மில்லில் எந்தத் தேதி சம்பளம் என்று அவருக்கு அத்துப்படி. எங்கள் அப்பா போன்றவர்களின் பக்கத்தை 8ஆம் தேதி காலையில் புரட்டுவார். பெரிய மில்காரர்களின் பக்கத்தை 11ஆம் தேதி. 8ஆம் தேதிக்கு அப்புறமும் அடிக்கோடு போடாத பக்கம் யாருடையதோ, அவரிடம்தான் பேச்சுக் கொடுப்பார். தீபாவளி போனஸ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும் பக்கங்களும் அதில் உண்டு. அந்தப் பக்கங்களை அவர் மனசிலேயே தனியாக வைத்திருந்தார்.

இந்த அண்ணாச்சி 30ஆம் தேதி ராத்திரி நோட்டைப் புரட்டியிருந்தால் அந்தத் தெருவே கடன்காரத் தெருவாகத் தெரிந்திருக்கும். மாசத்தின் கடைசி நாளில்தான் எல்லோருடைய பக்கமும் நிறைந்து இருக்கும். “அவன் நாணயமான ஆளு” என்று அண்ணாச்சி அப்பாவைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. அப்பாவிடம் முதலாவது எப்போதும் குறைவாகத்தான் இருந்தது. இரண்டாவதை அண்ணாச்சி அளந்தது பாக்கி எவ்வளவு என்பதை வைத்து இல்லை, 8ஆம் தேதி அந்தப் பாக்கி என்ன ஆகிறது என்பதை வைத்து.

எனக்கு மாதம் 1ஆம் தேதி சம்பளம். என் கார்டின் நிலவரத்தை வங்கி எடுத்து அனுப்பும் நாள்களில் ஒன்று மாதத்தின் கடைசி நாள். சம்பளத்துக்கு முந்தின நாள்! வருடத்தில் பன்னிரண்டு முறை, என் பக்கம் நிறைந்து, கை காலியாக இருக்கும் அதே நாளில் என் நோட்டு புரட்டப்படுகிறது.

காலண்டரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவர்க் காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது இருந்த விதி இதுதான். 2024 ஆகஸ்ட் 8 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதுவரைக்கும் வங்கிகள் மாதம் ஒருமுறை தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மாதம் இரண்டு முறை, 15ஆம் தேதி நிலவரமும் கடைசி நாள் நிலவரமும் அனுப்ப வேண்டும் என்றது அது. அந்தத் தேதியிலிருந்து 7 நாளுக்குள் வங்கி அனுப்ப வேண்டும், கிடைத்த 5 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனம் தன் கணக்கில் ஏற்ற வேண்டும். ஆக, மே 31இன் நிலவரம் வந்து சேர ஜூன் 12 வரை ஆகலாம். நான் 13ஆம் தேதி கட்டியது 15ஆம் தேதி நிலவரத்தில் இருக்கும், ஆனால் அது வந்து சேர 27ஆம் தேதிகூட ஆகலாம். நான் வங்கியில் உட்கார்ந்திருந்தது 16ஆம் தேதி. என்னைப் பற்றிய மிக மோசமான படம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அதை மாற்றும் படத்தை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

சரி, பில் தேதியை மாற்றிவிடலாமே என்று யோசித்தேன். அதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. கார்டின் பில்லிங் சைக்கிளை வாடிக்கையாளர் ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி வழி விட வேண்டும். 24ஐ 12 ஆக்கினால்? பில் 12ஆம் தேதி, கட்டுவது அடுத்த 1ஆம் தேதி சம்பளம் வந்ததும். கேட்க நன்றாக இருந்தது. காலண்டரில் கோடு போட்டேன். 12க்கும் 1க்கும் நடுவில் 15ஆம் தேதியும் இருக்கிறது, மாதக் கடைசியும் இருக்கிறது. ஒரு படத்துக்குப் பதில் இரண்டு படத்திலும் முழு பில் தெரியும். 17 ஆக்கினால் மாதக் கடைசி மாட்டும். 1 ஆக்கினால் 15 மாட்டும். எப்படிப் போட்டாலும் ஒன்றாவது உள்ளே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் உறைத்தது. என் கார்டில் பில் வந்த நாளிலிருந்து கட்டக் கடைசி நாள் வரை 20 நாள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அதிகம் போனால் 16 நாள். கடைசி நாளில் கட்டுகிற பழக்கம் உள்ள யாரும், பில் தேதி எதுவாக இருந்தாலும், ஒரு படத்திலாவது முழுக் கடனோடு நின்றே ஆக வேண்டும். தப்பிக்க ஒரே வழி, கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் முன்னாடியே கட்டுவது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்னிடம் அதிகம் பயன்படுத்தாத இரண்டாவது கார்டு ஒன்று இருக்கிறது. அறிக்கையில் அதற்கு வந்திருந்த எண், மாதக் கடைசி நிலவரத்தோடு பொருந்தவில்லை. அதற்கு முந்தைய ஸ்டேட்மென்ட் தொகையோடு பொருந்தியது. ஆக, உங்கள் கார்டுக்கு எந்த எண் போகிறது என்று தெரிய ஒரே வழி, நான் செய்தது போல அறிக்கையையும் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்பதுதான். தாமதத்தைப் பற்றி விதி கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. கடைசி நாள் கடந்து 3 நாளுக்கு மேல் போனால்தான் தவணை தவறியதாக அறிக்கையில் சொல்ல வேண்டும். நேரத்துக்குக் கட்டுகிறவருடைய நிலுவைக்கு அப்படி ஒரு பொறுமையும் இல்லை. அன்றைக்கு என்ன எண் இருக்கிறதோ அது போகும்.

மார்ச் 30ஆம் தேதி வந்த பணம்

“அவ்வளவுதானே, 24க்கு முன்னாடியே கட்டிடு” என்றார் என் கணவர். இதைக் கேட்டு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குமே புரிய இரண்டு நாள் ஆனது. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு நூல் வியாபாரக் கம்பெனியில். அங்கே முதலாளி மார்ச் 30ஆம் தேதி சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பணம் வாங்கி ஓவர்டிராஃப்டில் கட்டுவார். ஏப்ரல் 2ஆம் தேதி அது திரும்பிப் போகும். மார்ச் 31இன் பேலன்ஸ் ஷீட்டில் கம்பெனி கடன் குறைந்து அழகாக இருக்கும். ஆடிட்டர் ஒரு வருடம் அதைப் பிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தேதியின் கணக்கை மட்டும் பார்த்து எதையும் நம்பாதே, அதற்கு அடுத்த வாரம் என்ன ஆகிறது என்று பார் என்று சொல்லிக்கொடுத்தார். பேலன்ஸ் ஷீட் ஒரு நாளைச் சொல்லும், லாப நட்டக் கணக்கு ஒரு வருடத்தைச் சொல்லும், இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு கம்பெனியைப் படிக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்குள் ஊறிப்போன பாடம். இப்போது என் கணவர் சொன்னது எனக்கு அந்த மார்ச் 30ஆம் தேதிப் பணம் போலக் கேட்டது. ஒரு தேதிக்காக அழகு பண்ணிக்கொள்வது. நான் நேர்மையாக இருப்பதைக் காட்ட எனக்கு ஏன் அந்த வேலை?

யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றில்லை என்று பட்டது. அந்த முதலாளி காட்டிய பணம் அவருடையதில்லை, இரண்டு நாளில் போய்விட்டது. நான் முன்னாடி கட்டினால் அது என் பணம், திரும்பி வராது. கடன் நிஜமாகவே குறைகிறது. ஆனால் அதோடு முடியவில்லை. 1,26,350 ரூபாயை 20 நாள் முன்னாடி கட்டினால் சேமிப்புக் கணக்கில் போகும் வட்டி 200 ரூபாய்கூட இல்லை. அதற்காக வருத்தப்படவில்லை. மே 23 அன்று என்னிடம் அந்தப் பணமே இல்லை. பள்ளிக் கட்டணமும் அம்மாவின் அறுவையும் ஒரே மாதத்தில் வந்ததால்தான் கார்டை நீட்டினேன். ஜூன் 1 சம்பளமும் முதிர்ந்த ஒரு ஆர்டியும் சேர்ந்துதான் 13ஆம் தேதி பில்லைக் கட்டின. கார்டு எனக்குக் கொடுத்த வசதியே அந்த 20 நாள்தான். அதைப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறையும், அதை விட்டுக்கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்றால், கையில் ஏற்கெனவே பணம் வைத்திருப்பவருக்குத்தான் அந்த மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கிறது.

லிமிட் விஷயமும் அப்படித்தான். என் கணவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், அவர் கார்டின் லிமிட் 6 லட்சம். அதே பள்ளிக் கட்டணத்தை, அதே கண் அறுவையை, அதே வாஷிங் மெஷினை அவர் கார்டில் போட்டிருந்தால் பயன்பாடு 22 சதவீதம். பொதுவாகச் சொல்லும் 30 சதவீத வரம்புக்குள் வசதியாக அடங்கியிருக்கும். ஒரே வீடு, ஒரே செலவு, ஒரே நாளில் கட்டிய பணம். என் பெயரில் 88. வீட்டுச் செலவை எல்லாம் நான்தான் பார்க்கிறேன், அதனால் என் கார்டில்தான் எல்லாம் விழுகிறது. அந்தப் பொறுப்பைச் சுமக்கிற பெயர்தான் அறிக்கையில் கடனாளி போலத் தெரிகிறது. எங்கள் வீட்டில் மட்டும் இப்படி இருக்காது என்று நினைக்கிறேன். லிமிட்டை உயர்த்தக் கேட்டு மறுநாளே விண்ணப்பித்தேன், 2,40,000 ஆக்கினார்கள். அதை வைத்து அதிகம் செலவு செய்யப் போவதில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே கார்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் முடியும் நாளின் தொகையைத்தான் அனுப்புகின்றனவாம். வீட்டுக் கடனுக்குப் போகிறவர்கள் அந்த நாளுக்கு முன்னாலேயே கட்டிவிடுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்றான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஃபைகோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 போன்ற புதிய மதிப்பெண் முறைகள் ஒரு தேதியோடு நிற்காமல் கடந்த 24 மாதத்தில் நிலுவை எப்படி ஏறி இறங்கியது என்றும் பார்க்கின்றன. வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் 2016லிருந்தே, கார்டு பில்லை முழுசாகக் கட்டுகிறவரையும் மிச்சத்தை உருட்டிக்கொண்டே போகிறவரையும் பிரித்துப் பார்க்கிறது. அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு செய்த அதே வேலை. நம் அறிக்கையிலும் அதற்கு இடம் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். செலுத்திய தொகைக்கான அந்த வரியில் ஒரு எண் இருந்திருந்தால், 1,32,000ஐப் பார்த்த அதே கண் அதையும் பார்த்திருக்கும். மாதம் ஒருமுறையை இரண்டு முறையாக்கியதற்கு ரிசர்வ் வங்கிக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். இரண்டாவது படம் இல்லாவிட்டால் நான் ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் எத்தனை படம் எடுத்தாலும் பாக்கியை மட்டும் எடுத்தால் போதாது, கட்டியதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

30ஆம் தேதி

ஜூன் 30, மறுபடியும் திங்கட்கிழமை. அதே மேசை, அதே இளைஞர். அவர் என் பான் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். 778. கரண்ட் பேலன்ஸ் 12,240, தேதி 15-06-2025. இரண்டு வாரத்தில் நான் மாறவில்லை. சம்பளம் ஏறவில்லை, எந்தக் கடனும் புதிதாக அடையவில்லை. கட்டியே முடித்த பில் ஒன்று போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். “7.75 போட்டுடலாம் மேடம்” என்றார். கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, அவர் ‘நிறுத்தி வைக்கட்டுமா’ என்று கேட்காத மேசைகளில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யாருக்கும் தங்கள் பக்கம் எந்த நாளில் புரட்டப்பட்டது என்று தெரிந்திருக்காது.

வீட்டில் அம்மா கேட்டார்கள், “என் கண்ணுக்குப் பண்ணுன செலவாலதான் வட்டி கூடுச்சா கண்ணு?” யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இல்லைம்மா, தேதிதான் பிரச்சினை என்று சொன்னேன். அவர்களுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. அப்புறம் அண்ணாச்சி நோட்டை வைத்துச் சொன்னேன். “7ஆம் தேதிக்கு முன்னால எவன் கணக்குப் பார்ப்பான்?” என்றார்கள்.

எங்கள் அலுவலகத்தில் டெஸ்பாட்சில் ஒரு தம்பி இருக்கிறான். போன வாரம் ஆடி ஆஃபரில் பைக் வாங்க லோன் போடப் போவதாகச் சொன்னான். கார்டு இருக்கா, லிமிட் எவ்வளவு என்று கேட்டேன். லிமிட் 25,000. போன மாசம் தங்கைக்கு 21,000க்கு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஜூலை 10ஆம் தேதியே முழுசாகக் கட்டியும் விட்டான். அவனைக் காலண்டருக்கு முன்னால் நிறுத்தி, ஜூன் 30இன் படத்தையும் ஜூலை 15இன் படத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். 28ஆம் தேதி வரைக்கும் பொறுடா என்றேன். பழைய வண்டியை அவன் ஏற்கெனவே விற்றுவிட்டான். கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க்கா, அதுவரைக்கும் பஸ்ல வந்துக்கறேனுங்” என்றான். இன்று காலை பீளமேடு நிறுத்தத்தைத் தாண்டும்போது அவனைப் பார்த்தேன், சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தான். வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன்.